அனுப்பு பொத்தானை அழுத்தாதவள்

அனுசுயா வேலை பார்த்த கம்பெனி தேனி அல்லிநகரத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. கம்பெனி என்று போர்டில்தான் எழுதியிருந்தது. உள்ளே மூன்று கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், முதலாளி வைகுண்டராஜ், அனுசுயா, அவ்வளவுதான். நர்சரிப் பள்ளிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2008 ஐப்பசியில், அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒரு வேலை வந்தது. பொங்கலை ஒட்டிப் பழைய மாணவர்கள் எல்லாரும் கூடப்போகிறார்கள். வருகிறவர்கள் பெயர் கொடுக்க ஒரு பக்கம் வேண்டும். பெயர், படித்த வருஷம், இப்போது இருக்கும் ஊர், கடைசியில் 'நண்பர்களிடம் சொல்ல விரும்புவது' என்று ஒரு பெரிய கட்டம். அதற்குக் கீழே 'அனுப்பு' என்ற பொத்தான்.

பக்கம் வெளியான நாலாம் நாளே சங்கத்துச் செயலாளர் சங்கரலிங்கம் போனில் பிடித்துக்கொண்டார்.

"முக்கா மணி நேரம் உக்காந்து அடிச்சேம்மா. அனுப்புன்னு அமுக்குனேன். படிச்ச வருஷத்தப் போடலன்னு வேற ஒரு பக்கம் வந்து சொல்லுச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா நான் அடிச்சதுல ஒரு எழுத்து இல்ல. மறுபடி அடிச்சேன், கரண்டு போயிருச்சு. இதுக்கு நான் ஒரு போஸ்ட் கார்டு போட்டுருப்பேன்ல?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போதெல்லாம் தேனிப் பக்கம் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அனுசுயா நாலு நாள் உட்கார்ந்து படித்தாள். பொத்தானை அழுத்தினால் பக்கமே கிளம்பிப் போய், பதிலுக்குப் புதிய பக்கம் வந்து நிற்பதுதான் பழைய முறை. அந்த இடைவெளியில்தான் அடித்ததெல்லாம் காணாமல் போகிறது. பக்கம் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் முதுகுக்குப் பின்னால் எழுத்துகள் மட்டும் சர்வருக்குப் போய், பதிலும் சத்தமில்லாமல் வந்து சேரும்படி ஒரு வழி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் ஒரு படி மேலே போனாள். பொத்தானை அழுத்தும் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? கட்டத்தில் அடிக்க அடிக்க, அரை நிமிஷத்துக்கு ஒருதரம் தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும்படி செய்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண். கரண்டு போய்த் திரும்ப வந்தாலும், அதே கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தால், கடைசியாக அடித்தது கட்டத்துக்குள் வந்து நிற்கும்.

வைகுண்டராஜ் சோதித்துப் பார்க்கத் தானே ப்ளக்கைப் பிடுங்கினார். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதும் எழுத்துகள் அப்படியே இருந்தன. கீழே இறங்கிப் போய் இரண்டு டம்ளர் பருத்திப்பால் வாங்கி வந்தார்.

ஒன்றை மட்டும் அனுசுயா பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள். சேமிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு அரை நிமிஷமும் வந்ததைத் தனித்தனி வரிசையாக வைக்கும்படி எழுதியிருந்தாள். பழையதன் மேல் புதியதை எழுதும்படி மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை வந்து உட்கார்ந்து, முந்தின நாள் என்னென்ன வந்திருக்கிறது என்று வரிசைகளை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பூரிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர். அடுத்த வரிசையில் பெயர் இருந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

கயல்விழி சி. பி.ஏ. வரலாறு, 2001. ஊர் என்ற இடம் காலி.

கயல்விழி அவளுடைய அக்கா. ஏழு வருஷத்துக்கு முன்னால், கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள், கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டிய சாபுவோடு போய்விட்டவள். அன்றைக்கு அனுசுயாவுக்குப் பதினேழு வயது. அப்பா சின்னச்சாமி தேடவும் போகவில்லை, திட்டவும் இல்லை. காமயகவுண்டன்பட்டி ரோட்டில் இருந்த திராட்சைத் தோட்டத்துக்கு எப்போதும்போல் மருந்தடிக்கப் போனார். ஆனால் அந்தப் பெயரை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல், "இது எங்களுக்கு வந்தது இல்ல, கொண்டு போங்க" என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். எந்த ஊர் முத்திரை என்றுகூட அனுசுயாவால் பார்க்க முடியவில்லை. பிறகு கடிதம் வரவில்லை.

2006-இல் அப்பா தோட்டத்தில் பந்தலுக்கு அடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா மொக்கம்மாள் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் "மூத்தவளுக்குச் சொல்லி விடணுமே, யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தோட்டம் கை மாறியது. தாயும் மகளும் உத்தமபாளையத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அனுசுயா வரிசைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கயல் தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்திருந்தாள். வாசிக்க வாசிக்க எழுத்து மறைந்து குரலாகிவிட்டது.

'எல்லாருக்கும் வணக்கம். என்னைய யாருக்காச்சும் ஞாபகம் இருக்கான்னு தெரியல. கடைசி பெஞ்சு, சன்னல் ஓரம்.'

அரை நிமிஷம் கழித்து அடுத்த வரிசை. 'கூட்டத்துக்கு வர முடியாது. நான் அந்தப் பக்கம் வந்து ஏழு வருசம் ஆச்சு.'

அதற்கடுத்து: 'உங்கள்ல யாராவது கம்பம் பக்கம் இருந்தா ஒரு உதவி. காமயகவுண்டன்பட்டி ரோட்டுல சின்னச்சாமின்னு கேட்டாச் சொல்லுவாக. அவுக வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகளா?'

'அங்கன எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அனு. அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு மட்டும்' என்று பாதியில் நின்றது ஒரு வரிசை.

'அப்பா இப்பவும் விடியிறதுக்கு முன்னாடியே மருந்தடிக்கப் போறாகளா? நான் விசாரிச்சேன்னு அவுகளுக்குத் தெரிய வேண்டாம்.'

அதற்குப் பிறகு வந்த வரிசையில் 'எல்லாருக்கும் வணக்கம்' மட்டும் மிச்சம் இருந்தது. கடைசி வரிசையில் ஒன்றுமே இல்லை. பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. 'அனுப்பு' பொத்தான் அழுத்தப்படவே இல்லை. பதினோரு நிமிஷம் எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போயிருக்கிறாள்.

வைகுண்டராஜ் உள்ளே வந்தபோது அனுசுயா துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசித்தார். பாதியிலேயே திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவங்க அனுப்பலையேம்மா," என்றார் பிறகு. "அனுப்பாதத நாம வாங்கி வச்சிருக்கோம். உங்கக்கான்னா உனக்கு அழுகை வருது. இதே வேற ஒருத்தரோடதுன்னா? அவங்களுக்குத் தெரியாம எட்டிப் பாத்த மாதிரிதானே?"

"தெரிஞ்சு செய்யல சார்."

"தெரியும். இன்னைக்கே மாத்திரு. கட்டத்துக்குக் கீழ, 'நீங்கள் எழுதுவது தானாகச் சேமிக்கப்படும்'னு பெருசாப் போடு. அழிச்சா நம்மகிட்டயும் அழியணும்."

அனுசுயா தலையாட்டினாள். ஆனால் கை கீபோர்டுக்குப் போகவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினார்.

"அந்த ஒரு எண்ணுல இருக்கிறத நான் பாக்கல," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மாற்றினாள். மற்றவர்களின் பழைய வரிசைகளை அழித்தாள். அக்காவின் எண்ணுக்கு முன்னால் வந்ததும்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. கடைசியாகச் சேமித்தது எதுவோ அதுதான், அந்தக் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தால் கட்டத்துக்குள் வந்து நிற்கும். இப்போது கடைசியாக இருப்பது வெறுமை. அந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்தால்?

எழுதி எழுதி அழித்தாள். என்ன எழுதினாலும் நீளமாகிப் போனது, இல்லையென்றால் புகார் மாதிரி தொனித்தது. கடைசியில் இவ்வளவுதான் நின்றது.

'அக்கா, நான் அனு. இந்தப் பக்கத்தச் செஞ்சதே நான்தான். நீ எழுதி அழிச்சதெல்லாம் எனக்கு வந்துருச்சு. தெரியாம நடந்துச்சு, கோவிச்சுக்காத. எனக்குக் கல்யாணம் ஆகல. நாங்க இப்ப உத்தமபாளையத்துல இருக்கோம். கீழ என் நம்பர் இருக்கு. எப்ப வேணாலும் கூப்புடு.'

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை ஒரு கட்டத்துக்குள் எப்படி வைப்பது?

பிறகு காத்திருந்தாள். தினமும் உத்தமபாளையத்தில் பஸ் ஏறி, சின்னமனூர் தாண்டி, வீரபாண்டி தாண்டி அல்லிநகரம் வந்து சேரும்வரை கையில் செல்போனைப் பிடித்தபடியே வந்தாள். ரீசார்ஜ் செய்யச் சொல்லும் மெசேஜைத் தவிர எதுவும் வரவில்லை. படியேறியதும் கைப்பையை வைக்காமலே கம்ப்யூட்டரைப் போட்டு அந்த எண்ணைப் பார்ப்பாள். அவள் எழுதியது அவள் எழுதியபடியே இருக்கும். அக்கா ஒரே ஒரு நாள் ஏதோ ஞாபகத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் வராமலே போய்விட்டால்? அம்மாவிடம் சொல்லலாமா என்று வாய் வரை வரும். சொல்லி, கடைசியில் ஒன்றும் இல்லையென்றால் அம்மா தாங்க மாட்டாள் என்று விழுங்கிக்கொள்வாள்.

பத்தாம் நாள் அந்த இடம் காலியாக இருந்தது. அனுசுயா எழுதியதில் ஓர் எழுத்து இல்லை. செல் நம்பரும் இல்லை.

வந்திருக்கிறாள். படித்திருக்கிறாள். படித்துவிட்டு அழித்திருக்கிறாள்.

அன்று முழுக்க அனுசுயாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தன்னையே நொந்துகொண்டாள். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபோது, அங்கே எழுத்துகள் இருந்தன.

'யாரோ வெளயாடுறீகன்னு நெனச்சேன். நீ அனுன்னா சொல்லு. மோட்டார் ரூம் சுவத்துல நம்ம என்ன எழுதி வச்சோம்?'

அனுசுயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சோற்றுக் கையோடு இடது கையால் அடித்தாள். 'ஒண்ணும் எழுதல. கரித்துண்டால நீ என் உசரத்துக்குக் கோடு போடுவ. நான் எம்புறேன்னு தலையில கொட்டுவ.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஏ புள்ள.' அவ்வளவுதான் இருந்தது. அதைத்தான் அன்று சாயங்காலம் வரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்தக் கட்டத்துக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். ஒருத்தி எழுதியதை மற்றவள் படித்துவிட்டு அழிப்பாள், அந்த இடத்தில் தன்னுடையதை எழுதுவாள். கயல் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். நாலு வயதில் பையன் இருக்கிறான், திலீபன். சாபு நல்ல மனுஷன், சொந்தமாக ஜீப் வாங்கிவிட்டார். பையனுக்கு இரண்டு பாஷையும் வருகிறது, கோபம் வந்தால் மட்டும் தமிழ். எந்த ஊர் என்று சொல்லவில்லை. போனில் கூப்பிடு என்று அனுசுயா மூன்று தரம் எழுதிவிட்டாள். 'முடியாது அனு. கொரலக் கேட்டா நான் ஒடஞ்சிருவேன். இப்படின்னா அடிச்சிட்டு, சரியில்லன்னா அழிச்சிரலாம்ல' என்று பதில் வந்தது.

பிறகு ஒருநாள் இப்படி வந்தது. 'நானும் கேக்க வேண்டாம் கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன். நீ எனக்கு எழுதறது அப்பாவுக்குத் தெரியுமா? அவுக சொல்லித்தான் எழுதறியா?'

அனுசுயா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, லீவு சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மொக்கம்மாள் கீரையை ஆய்கிற கையை நிறுத்தவே இல்லை. காம்புகூட மிஞ்சாமல் ஆய்ந்து முடித்த பிறகும் வெறும் முறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்காளா?" என்றாள்.

"இருக்காம்மா. பையன் இருக்கான்."

"அப்பனப் பத்திக் கேட்டாளா?"

"ம்."

"அத எழுதிக் கிழுதி விட்டுறாத ஆத்தா. அது வாயால சொல்ல வேண்டியது. கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சொல்ல வேண்டியது. எங்கன இருக்கான்னு மட்டும் கேளு. நம்ம போவோம்."

மறுநாள் அனுசுயா, 'நானும் அம்மாவும் வாறோம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லு' என்று எழுதினாள். கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை என்பது அவளுக்கே உறுத்தியது. மூன்று நாள் அந்த வரி தொடாமல் கிடந்தது. நாலாம் நாள் வந்தது.

'கட்டப்பனை. ஞாயித்துக்கெழமை பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். அப்பாவும் வர்றாகன்னா மலை ரோடு அவுகளுக்கு ஒத்துக்காது. எலுமிச்சம்பழம் கொண்டு வாங்க. முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டு வா.'

கட்டப்பனை! கம்பத்துக்கு மேலே, மலை ஏறி இறங்கினால் கேரளப் பக்கம் வந்துவிடுகிற ஊர். அவர்கள் ஏழு வருஷமாகக் காலையில் பல் விளக்கும்போது நிமிர்ந்து பார்த்த மலைக்குப் பின்னால்தான் அவள் இருந்திருக்கிறாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அங்கேதான் இருந்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் வந்து முகம் பார்த்திருக்கலாம்.

அனுசுயா பஸ் வந்து சேரும் நேரத்தை மட்டும் எழுதினாள்.

மார்கழிக் குளிரில் மொக்கம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் முறுக்குப் பையை அணைத்துக்கொண்டு வந்தாள். கேரள எல்லையிலிருக்கும் கம்பம்மெட்டுக்கு ஏறும் வளைவுகளில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெட்டைத் தாண்டி, போர்டுகள் மலையாளத்துக்கு மாறிய பிறகு, "இவ்வளவுதான் தூரமா?" என்று ஒருதரம் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்பும்போதே அனுசுயா அவளைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். பச்சைச் சேலை, ஒரு கையில் பையன். இவர்கள் இறங்கினார்கள். கயல் ஓடி வருவாள் என்று நினைத்த அனுசுயாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. கயல் இவர்களைப் பார்க்காமல், இவர்களுக்குப் பின்னால் பஸ்ஸின் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூட்டையோடு ஒரு கிழவர் இறங்கும்போது அரை அடி முன்னால் வந்தாள். அது வேறு யாரோ. கடைசியாகக் கண்டக்டர் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகத்துக்கு வந்தாள். மொக்கம்மாள் தலைத்துண்டை அவிழ்த்தாள். வெறும் நெற்றியைப் பார்த்த கயல் பையனின் கையை விட்டுவிட்டாள்.

"எப்ப?" என்றாள்.

"ரெண்டு வருசம் ஆச்சுடி," என்றாள் மொக்கம்மாள். "உன்னயத் தேடுனோம். எங்கன தேடுறதுன்னு தெரியல."

கட்டிப் பிடித்துக்கொண்டு சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கட்டிப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் பாக்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பையன் பயந்துபோய் அனுசுயாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இது யாரு?" என்று தமிழில் கேட்டான்.

சாயங்காலம் வரை அக்கா வீட்டில் இருந்தார்கள். சாபு கப்பைக் கிழங்கும் மீனும் வாங்கி வந்தார், சாப்பிடச் சொல்லிவிட்டு ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் வெளியிலேயே நின்றார். பேச எவ்வளவோ இருந்தும் பேச்சு அப்பாவிடமே போய்ப் போய் நின்றது. எங்கே விழுந்தார், அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார், கொள்ளி யார் வைத்தது. கயல் ஒன்றுவிடாமல் கேட்டாள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று அப்பா சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போனதை மொக்கம்மாள் சொன்னபோது, "போதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொங்கலுக்கு வந்துரு," என்றாள் அம்மா, கிளம்பும்போது.

கயல் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வருவேம்மா. பொங்கலுக்கு முடியுமான்னு தெரியல. இத்தன நாளா அவுக இருக்காகன்னுல்ல பயந்துகிட்டு வராம இருந்தேன். இப்ப அவுக இல்லாத வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு தெரியல."

பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, அனுசுயாவிடம் மட்டும் சொன்னாள்: "சில ஞாயித்துக்கெழம இவர மெட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லுவேன். அங்கன நின்னா கீழ எல்லாம் தெரியும். நம்ம தோட்டம் இதுதான், இந்நேரம் அப்பா வாய்க்கால் மாத்திக்கிட்டு இருப்பாகன்னு நானா ஒண்ண வச்சுக்குவேன். போன மாசங்கூடப் பாத்துட்டு வந்தேன்."

திரும்பும் பஸ் மெட்டில் செக்போஸ்ட்டில் நின்றது. அக்கா இங்கே நின்று தோட்டத்தைத் தேடிப் பார்ப்பதை அனுசுயா அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டாள். மொக்கம்மாள் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய் ரோட்டோரத்துச் சுவர் அருகில் நின்றாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தல்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து பார்க்க எல்லாப் பந்தலும் ஒன்றுபோலவே இருந்தது.

"எதுடி நம்மளது?" என்றாள்.

அனுசுயா கையை நீட்டி ஏதோ ஒரு பச்சையைக் காட்டினாள். அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "அம்மச்சீ, கேறிக்கோ, வண்டி விடணும்" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. கண்டக்டர் இரண்டாவது தரம் கூப்பிடவில்லை.